வளைக்கக் கூடாத கம்பி

பாரிகா படகுத்துறையில் கமோருவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பெண்டர்' என்றால் போதும். முப்பது வருஷமாக இரும்புக் கம்பியை வளைத்துக் கட்டுகிறவர். அந்தப் பட்டத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு. அவர் கம்பி கட்டிய பழைய துறை காயலின் உப்புத் தண்ணீரில் துருவேறிப் பன்னிரண்டே வருஷத்தில் இடிந்ததை மட்டும் பேச்சில் சேர்க்கமாட்டார்.

புதுத் துறைக்கு வந்திறங்கியது கண்ணாடி நார்க் கம்பி. இளம்பச்சை நிறம். பத்துக் கம்பியை ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம்.

"இதுக்கு இரும்பு உருக்குற உலை வேண்டாம், பாபா," என்றாள் இஞ்சினியர் அபிடெமி. "துருவும் பிடிக்காது. மேல காங்கிரீட் மெல்லிசா இருந்தா போதும். சிமெண்டும் மிச்சம், புகையும் மிச்சம். ஆனா இங்க வச்சு வளைக்க முடியாது. மூலைத் துண்டெல்லாம் தொழிற்சாலையிலயே வளைச்சுதான் வரும்."

"வளைக்காத கம்பிக்கு பெண்டர் எதுக்கு மேடம்? தையக்காரனைக் கூப்பிடுங்க."

ஆட்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவருடைய மூத்த மகளைவிடச் சின்னவள். தினமும் காலையில், வயசுக்கு மரியாதையாக, முழங்கால் மடக்கி அவரை வணங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். மூலைத் துண்டு எத்தனை வேண்டும் என்ற கணக்கையும் அவரிடமே விட்டாள்.

அங்கேதான் சறுக்கியது. இரும்பில் நீளக் கம்பியின் நுனியையே மடக்கி மேலே தூக்கிவிடுவார்கள். தனித் துண்டு தேவைப்படாது. கை பழகிய பழக்கத்தில் காயல் பக்கத்து ஓரத்துக்கு அவர் துண்டே எழுதவில்லை. காங்கிரீட் போட ஒரு நாள் இருக்கும்போது பார்த்தால் ஏழு துண்டு குறைகிறது.

சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனால் பெண்டருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று ஊர் சிரிக்குமே என்று அவருக்கு வாய் வரவில்லை. மத்தியானம் ஆட்களை ரொட்டியும் பயறும் சாப்பிட அனுப்பிவிட்டு, தகர டப்பாவில் நெருப்பு மூட்டி ஏழு கம்பியைக் காட்டி வளைத்தார். வளைந்தது. உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தமும் கேட்டது. கருகிய இடத்தில் டேப் சுற்றி, அடி வரிசையில் கட்டிவிட்டார்.

மறுநாள் காலை அபிடெமி முழங்கால் மடக்கினாள். "எல்லாம் சரியா, பாபா?"

"சரி."

பார்க்க வந்திருந்த அதிகாரிகளிடம் திரும்பினாள். "இவர் சரின்னுட்டா நான் குனிஞ்சு பாக்க வேண்டியதில்ல." தாளில் கையெழுத்தும் போட்டாள்.

கமோரு அங்கிருந்து நகர்ந்தார். தகர டப்பா பக்கம் போனார். நேற்று வெட்டிப்போட்ட ஒரு நுனி சாம்பலில் கிடந்தது. கருகிய இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். தேங்காய் நார் மாதிரி பிய்ந்து வந்தது. மீன் கூடைக்காரிகள் இந்த ஓரத்தில்தானே வந்து இறங்குவார்கள்? பழைய துறை இடிந்ததற்காவது துருவின் மேல் பழி போட்டுவிட்டார். இதை எதன் மேல் போடுவது?

கலவை வண்டி சுழல ஆரம்பித்திருந்தது.

"நிறுத்துங்க," என்றார். அதிகாரிகள் முன்னால், ஆட்கள் முன்னால், அந்த நாரைக் கையில் பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லத் தன் குரலே அவருக்கு அருவருப்பாக இருந்தது. "ஏழு கம்பி, மேடம். ஏழே ஏழு."

அபிடெமி திட்டவில்லை. வண்டியைத் திருப்பி அனுப்பினாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு முதல் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். ஏழும் கிடைத்தன. அவள் நிற்கவில்லை. கரைப் பக்கம் போய் இன்னொரு டேப்பை உரித்தாள். கருகல்.

"பாபா, ஏழுன்னீங்களே."

"சத்தியமா ஏழுதான்."

பின்னாலிருந்து லாசிசி வந்தான். பதினெட்டு வருஷமாகக் கமோருவோடு கம்பி கட்டுகிறவன்; அவரை 'ஓகா', அதாவது தலைவரே, என்றுதான் கூப்பிடுவான். "அது நான் கட்டினது, மேடம். ஒரு துண்டு கை தவறித் தண்ணிக்குள்ள போயிருச்சு. அதுக்குப் பதிலா நானும் ஒண்ணைச் சுட்டு வளைச்சேன்." கமோருவைப் பார்த்தான். "சாப்பாட்டுக் கடையிலேர்ந்து பாத்தேன், ஓகா. நீங்களே சுட்டு வளைக்கிறீங்க, அப்ப சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் கமோருவைக் கூனிக்குறுக வைத்தது.

எட்டுத் துண்டும் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அவரே கட்டினார், வெட்டவெளிச்சமாக, டேப் எதுவும் இல்லாமல். பத்தாம் நாள் காலை அபிடெமி வழக்கம்போல முழங்கால் மடக்கி வணங்கினாள்.

"எல்லாம் சரி, மேடம்," என்றார் அவர், அவள் கேட்காமலே.

"நல்லது, பாபா," என்று சொல்லிவிட்டு, டார்ச்சைத் தட்டிக்கொண்டு குனிந்து பார்க்கப் போனாள்.