முள் நீங்காத மீன்

உச்சி வெயில் கூரைகளின்மேல் உருகி வழிய, கடைத்தெருவின் இரைச்சல் சற்றே ஓய்ந்து, பசியொன்றே மாந்தர் அனைவரையும் ஆட்டிவைக்கும் நண்பகல் வேளையில், மூன்று தெருக்கள் கூடுமிடத்தில் வெள்ளைச் சுவரும் அகன்ற சாளரங்களுமாய் நின்ற அவ்வுணவகத்தின் வாயிலில் மட்டும் கூட்டம் குறைந்தபாடில்லை. உள்ளே நாற்பது இருக்கைகள். வெளியே காத்து நிற்போர் அறுபதின்மர். அத்தனை பேரையும் கட்டியிழுத்த கைக்கு உரியவளைத் தேடி, அறிவுசால் படிப்போரே, நீங்கள் அடுப்பங்கரைக்குச் சென்றால் ஏமாந்துபோவீர்கள். அவள் கழுவுதொட்டியின் அருகே நின்றிருப்பாள்.

எட்டுத் திக்கும் பெயர் பரவிய அந்தச் சமையற்காரி, வாழ்வைத் தொடங்கியதே தட்டுக் கழுவுபவளாகத்தான். பிறர் சமைத்து அனுப்பியவற்றுள் எது வழித்துண்ணப்பட்டு வருகிறது, எது ஓரத்தில் ஒதுக்கப்பட்டு வருகிறது, எது ஒரு வாயோடு நின்றுபோய் வருகிறது என்று ஆறாண்டுகள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தவள், பின்னர்க் கரண்டி பிடித்துப் புகழுற்ற போதும் அவ்விடத்தை விட்டு நகரவில்லை. சமைப்பவரின் நாக்குப் புகையில் மரத்துத் தன் கைக்கே பரிந்து பேசும் என்பதும், திரும்பி வரும் தட்டுக்கு மட்டும் முகம் பார்த்துப் பேசத் தெரியாது என்பதும் அவள் துணிபு. ஊர்ச் சமையற்காரர்கள் அவளுக்கு ‘எச்சில்தட்டு’ என்று பெயர் சூட்டிச் சிரித்தனர். அது அவளுக்கு உறைக்காமல் இல்லை.

ஆகவேதான் சமையலர் பேரவை ஆண்டுதோறும் ஒருவர்க்கே வழங்கும் தலைமைப் பட்டத்தை அவள் வெறியோடு விரும்பினாள். உணவகத்தை உடன் நடத்திய அண்ணனோ அவளினும் மிகுதியாக விரும்பினான். பன்னிரண்டாண்டுகள் கைநழுவிப்போன அப்பட்டம் அன்று தானே படியேறி வந்தது. பேரவையின் நடுவர், உணவகக் கூடத்தின் நடு இருக்கையில் அமர்ந்து, மீன் தட்டை வருவித்து, சிறிது பொழுது கழித்து எழுந்து, கூடியிருந்தோர் கேட்கத் தீர்ப்பும் உரைத்துவிட்டார். இத்தகைய மீனைத் தம் வாழ்நாளில் உண்டதில்லை என்றும், பட்டம் இவளுக்கே என்றும் அவர் முழங்க, கூடம் கைதட்டி அதிர்ந்தது. தங்கையை அழைத்துவர அண்ணன் உள்ளே ஓடினான்.

அவளோ நடுவரின் தட்டைக் கையிலேந்தி அசையாது நின்றாள். மீன் நான்கைந்து துண்டாகப் பிய்க்கப்பட்டு, சாறு எங்கும் இழுக்கப்பட்டு, பார்ப்பவர் கண்ணுக்கு நன்கு உண்டெழுந்த தட்டாகவே அது தோன்றியது. ஆயின் ஓரத்தில் ஒரு முள்கூட இல்லை. அத்தனை முட்களும் தசைக்குள்ளேயே கிடந்தன. உண்டவர் முள்ளை ஒதுக்கியிருப்பார். காலைமுதல் வேறு நான்கு உணவகங்களில் வயிறுமுட்ட உண்டு வந்தவர், இங்கே அவள் பெயரை மட்டும் மென்று எழுந்துவிட்டார்.

அண்ணனுக்கும் அது விளங்கியது. “இது யாருக்கும் தெரியப்போறதில்லம்மா. பேசாம வந்து வாங்கிக்கோ” என்று கெஞ்சினான்.

அவள் தட்டோடு கூடத்துக்கு வந்து, அதை நடுவர்முன் வைத்தாள்.

“ஐயா, நீங்க இதுல ஒரு வாய்கூடச் சாப்பிடல. முள்ளு எல்லாம் அப்படியே இருக்கு.”

நடுவரின் முகம் கறுத்தது, பின்னர்ப் புன்னகையை வலிய வருவித்துக்கொண்டு, “உங்க பேருக்கு ருசி வேற பார்க்கணுமாம்மா?” என்றார்.

“பேரை நான் சமைக்கல, மீனைத்தான் சமைச்சேன். ஒரு வாய் சாப்பிட்டுட்டு, நல்லா இல்லைன்னா இல்லைன்னே சொல்லிட்டுப் போங்க. சாப்பிடாம குடுக்கிற பட்டம் எனக்கு வேண்டாம்.”

பலர் பார்க்கப் பொய்யை ஒப்புக்கொண்டு உண்பதற்கு அவருக்கு மனம் வரவில்லை. அவளுக்கென்று கொண்டுவந்த பட்டயத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கியபடி படியிறங்கினார். அண்ணன் தலையில் கைவைத்து அமர்ந்து, பன்னிரண்டாண்டுக் காத்திருப்பை ஒரே நொடியில் போட்டுடைத்தாளே என்றும், இனிப் பேரவை இப்பக்கம் தலைவைத்தும் படுக்காது என்றும் பொருமினான். அவன் சொன்னது முற்றிலும் மெய்.

அவள் நடுவர் விட்டுச்சென்ற இருக்கையில் அமர்ந்தாள். தன் கூடத்தில் விருந்தினளாய் அவள் அமர்ந்தது அதுவே முதன்முறை. ஆறிப்போன மீனை எடுத்து, முட்களை ஒவ்வொன்றாய் நீக்கி ஓரத்தில் அடுக்கி, அத்தனை கண்களும் பார்த்திருக்க மெல்ல மென்று விழுங்கினாள். பின்னர் நிமிர்ந்து, கூடம் முழுதும் கேட்கும்படி சொன்னாள்:

“உப்பு கம்மிண்ணே. இதை மட்டும் அவர் சொல்லியிருந்தா, பட்டம் குடுக்கலைன்னாலும் வாசல் வரைக்கும் போய் வழியனுப்பியிருப்பேன்.”

பட்டம் பெற்றோரின் பெயர்கள் பொறித்த பேரவைச் சுவரில் அவள் வாழ்ந்த நாளிலும் அவள் பெயர் ஏறவில்லை. மறைந்த பின்னும் ஏறவில்லை. ஏறாதது குறையென்று இரங்குவோர் இரங்குக. தன் குறையைத் தானே கண்டு ஊரறிய உரைத்தவளுக்கு, உண்ணாமலே புகழ்வோர் எழுதும் பெயர் எதற்கு?