படத்துக்குக் கீழே வேறு பெயர்

திரையில் அம்மாவின் முகம் பெரிதாக வந்து நின்றது. பின்வரிசையில் அதே முகம் உட்கார்ந்திருந்தது. மேடையில் நின்ற இசைவாணி பேச்சைப் பாதியில் நிறுத்தினாள்.

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி இருக்கிற அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில், ஒரு செயலியைச் செய்யுமுன் அது யாருக்காக என்று ஓர் ஆளை எழுதிக் காட்ட வேண்டும். படம், பெயர், வயது, அவருடைய கஷ்டம். ‘பெர்சோனா’ என்பார்கள். இசைவாணியும் வகுப்புத் தோழி சத்யப்ரியாவும் செய்தது, நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களுக்கு நாளைக்கு எந்த வயலில் வேலை என்று குரலில் சொல்லும் செயலி. ஆளைத் தேடி எங்கே அலைவது? இசைவாணி தன் அம்மா சுந்தரம்மாளின் படத்தையே வைத்து, ‘செல்லத்தாய், 48, எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்று போட்டுவிட்டாள். வாடிப்பட்டிப் பக்கம் பேட்டி எடுத்த யாரோ ஓர் அம்மா என்று சத்யப்ரியாவிடமும் சொல்லிவைத்தாள். அம்மா கூலி வேலைக்குப் போவதைப் பற்றி மூன்று வருடமாக வகுப்பில் அவள் மூச்சு விட்டதில்லை. வெட்கம்தான், வேறென்ன.

இன்றைக்குச் செயலியை விளக்கும் நிகழ்ச்சிக்குப் பெற்றோர் வரலாம் என்பதையும் வீட்டில் மறைத்திருந்தாள். துறையிலிருந்து அம்மாவுக்கே போன் போட்டுவிட்டார்கள். இவள் பேசத் தொடங்கிய பிறகுதான் சுந்தரம்மாள் வந்து சேர்ந்தாள்.

நடுவராக வந்திருந்த பெண் திரையைப் பார்த்தார், திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். “அட, அவங்களே வந்திருக்காங்க! செல்லத்தாய்தானே நீங்க? இவங்க பேட்டி எடுத்தது உங்களைத்தானே?”

சுந்தரம்மாளுக்கு வாசிக்கத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான். நூறு நாள் வேலையில் கையெழுத்துப் போடுவதற்காகக் கற்றுக்கொண்டது. திரையில் இருந்தவை அந்த எழுத்துகள் இல்லை. மகளைப் பார்த்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆமாங்கம்மா, செல்லத்தாய்தேன். இந்தப் பாப்பா எங்க ஊருக்கு வந்து அம்புட்டும் கேட்டு எழுதிக்கிட்டுப் போச்சு. நல்ல பிள்ளை.”

எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா எழுந்து வந்து நாலு அறை விட்டிருந்தால்கூட இசைவாணி தாங்கியிருப்பாள்.

மடிக்கணினியில் அந்தப் பெயரை அழித்தாள். அந்த இடத்தில் அம்மாவின் உண்மைப் பெயரை அடித்தாள்.

“என்னடி பண்ற? மார்க்கு போயிரும்டி,” என்று பக்கத்தில் நின்ற சத்யப்ரியா கையைப் பிடித்தாள்.

இசைவாணி கையை விடுவித்துக்கொண்டு மைக்கை எடுத்தாள். “பொய் சொல்லிட்டேன் மேடம். நான் யாரையும் பேட்டி எடுக்கல. அவங்க எங்கம்மா.”

சுந்தரம்மாள் எழுந்து நின்று திரையை உற்றுப் பார்த்தாள். உதடு அசைந்தது.

“சுந்... தரம்... மாள்,” என்று எல்லாருக்கும் கேட்க வாசித்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பெயருக்குக் கீழே ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்ற வரி அப்படியே இருந்தது. இசைவாணி அதையும் அழித்தாள்.