ஸ்டேப்ளர் கொடுத்த நோட்ஸ்

...சும்மா கொடுத்திருக்க மாட்டான், தன் கையால் பதினோரு பக்கம் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, நாலு மூலையிலும் பின் அடித்து, போட்டிக்கு நிற்கிறவனிடமே ஒருவன் நீட்டுகிறான் என்றால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது, பிரித்துப் படிக்கவே நகவெட்டி தேவைப்பட்டது, இந்த ஆள் கையில் கிடைத்தால் லீவு லெட்டருக்கும் நாலு பின் அடிப்பான், அதனால்தான் ஆபீஸ் மொத்தமும் அவனை ஸ்டேப்ளர் என்று கூப்பிடுகிறது, சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான்... இந்தி டெஸ்கில் இருப்பதோ ஒரே ஒரு நாற்காலி. வாடிக்கையாளர்களின் இந்திக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை, முழுக்கப் பகல் ஷிஃப்ட். மூன்று வருடமாக ராத்திரி முழுவதும் போன் எடுத்துவிட்டுக் காலையில் இவன் வீடு திரும்பும்போது மனைவி செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். குடித்தனம் நடப்பது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் துண்டுச் சீட்டுகளில், கேஸ் தீர்ந்துவிட்டது, சாவி ஜன்னலில், உன் அம்மா போன் பண்ணினார்கள். அந்த நாற்காலி கிடைத்தால் பெண்டாட்டியின் முகத்தை வார நாட்களிலும் பார்க்கலாம். அது தெரிந்தும் ஸ்டேப்ளர் உதவுகிறான் என்றால் நம்பச் சொல்கிறார்களா?

அந்த நாற்காலிக்கான பரீட்சை ட்ரெய்னிங் ரூமில், ஏசி ஒழுகிற இடத்தில் ஒரு வாளி, அதற்குப் பக்கத்து மேஜை இவனுக்கு. கேள்வித்தாளில் இருபது கூட்டுச் சொற்கள், பிரித்து எழுதி என்ன வகை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நடுவில் ஒரு குட்டிச் சொல்லை விழுங்கிவிட்டு இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டு நிற்குமாம், விழுங்கியதை வெளியே எடுத்தால் மார்க். ரசோயீகர், சமையலுக்கான வீடு, விழுங்கப்பட்டது அந்த 'க்கான', ஆகவே தத்புருஷ் என்றது நோட்ஸ். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள், நம்ம ஸ்கூல்ல படிச்ச வேற்றுமைத்தொகைதான்டா, பயப்படாதே... எதற்கு 'டா'? ஏன் பயப்படாதே? ஸ்கூலில் படித்ததே போதும் என்றால் கம்பெனி எதற்குப் பரீட்சை வைக்கிறது, ஏசி வாளியில் ஒழுக ஒழுக எதற்கு ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறோம்? இவ்வளவு சுலபமாக இருக்க முடியாது. ஜேப்கத்ரா, ஜேபை வெட்டுகிறவன், அந்தப் பிக்பாக்கெட்காரனுக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு, யாரைக் குத்திக் காட்டுகிறான்? உனக்காகத்தான் எழுதினேன் என்றானே, அந்த 'க்காக'வுக்குள் எதை விழுங்கியிருக்கிறான்? நேற்று ஃபிரிட்ஜில் மனைவியிடம் இதைக் கேட்டதற்கு, "எவன் நல்லது செஞ்சாலும் உனக்கு வயித்தைக் கலக்கும். என்னைக் கட்டிக்கும்போதும் இப்படித்தான் யோசிச்சியா?" என்று பதில் ஒட்டியிருந்தாள். யோசித்தான்தான். மூன்று மாதம் யோசித்தான்.

ஆகவே திட்டம் தெளிவு, நோட்ஸ் எதைச் சொல்கிறதோ அதை மட்டும் எழுதக் கூடாது. ரசோயீகர், த்வந்த்வ, அதாவது உம்மைத்தொகை. சௌராஹா, நாலு வழி கூடும் இடம், எண்ணில் தொடங்குவதால் த்விகு என்றான், அப்படியா, இந்தா பஹுவ்ரீஹி, நம்ம அன்மொழித்தொகை. பதி-பத்னீ, புருஷனும் பெண்டாட்டியும், விழுங்கியது ஒரு 'உம்', நோட்ஸ்படி த்வந்த்வ... பேனா கொஞ்சம் நின்றது. இதைப் பார்த்தால் உண்மை போலத்தான் இருக்கிறது. அப்படித் தோன்றுவதுதான் பொறி. தத்புருஷ். முன்னால் பரீட்சை நடத்தும் மேடத்தின் பக்கத்தில் ஸ்டேப்ளர் சும்மா உட்கார்ந்திருக்கிறான், எழுதவில்லை, குனியவில்லை, விசிலடிக்காத குறை, கேள்வித்தாளை நேற்றே பார்த்துவிட்டான் போல. இருபதாவது சொல்லுக்கும் நோட்ஸுக்கு நேர் எதிராக எழுதி முடித்தபோது மனசுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அப்போது கையெழுத்துப் போடும் தாள் சுற்றி வந்தது. ஏழு வரிசை. ஏழாவதில் ஸ்டேப்ளரின் பெயர், அதன் மேல் சிவப்பு மையில் அழுத்தமாக ஒரு கோடு, ஓரத்தில் அவன் கையெழுத்திலேயே, விலகிக்கொள்கிறேன். தேதி? போன மாதம் பன்னிரண்டு. நோட்ஸ் கைக்கு வந்தது அதே மாதம் பதினாலாம் தேதி. அப்படியென்றால் போட்டியே இல்லை, அப்படியென்றால் அந்தப் பதினோரு பக்கம்... அதற்குள் அவனே ஸ்டேப்ளரும் கையுமாக எதிரில் வந்து நின்றான், மேடம் பேப்பருக்குப் பின் அடிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள், வேறு யாரைக் கூப்பிடுவாள்.

"முடிச்சிட்டியா? அடிக்கட்டுமா?"

"இரு. நீ எதுக்கு விலகின?"

"விடுடா. எனக்கு ராத்திரி ஷிஃப்ட் ஒண்ணும் கஷ்டமில்ல."

"அங்க என்ன பேச்சு? இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. அடிச்சு எழுதினா மார்க் குறையாது, பேசினா குறையும்," என்றாள் மேடம்.

ஏழு நிமிடம் போதும். தப்புக் கண்டுபிடிக்கவென்றே மூன்று தடவை படித்ததில் பதினோரு பக்கமும் மனப்பாடம், வேறு எதையும் இவன் இவ்வளவு ஒழுங்காகப் படித்ததில்லை. அடித்துத் திருத்த முதல் பதிலின் மேல் பேனாவை வைத்தான். ராத்திரி ஷிஃப்ட் கஷ்டமில்லையாம், எவனாவது நம்புவானா, இந்த வாசகத்தை எங்கேயோ... ஃபிரிட்ஜில். மூன்று வருடத்துக்கு முன்னால், ராத்திரி வேலை உன் உடம்புக்கு ஆகுமா என்று அவள் ஒட்டியிருந்த சீட்டின் கீழே, எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல என்று இவனே எழுதி ஒட்டினான், இதே சொற்கள், அப்போது கண் எரிச்சலில் எழுத்தே சரியாகத் தெரியவில்லை. ஆக ஸ்டேப்ளர் சொன்னது பொய்தான், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் எந்த வகைப் பொய்... ஸ்டேப்ளர் இன்னும் எதிரிலேயே நின்றான், இவன் தாளின் மூலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடிக்காமல்.