தையல்காரர் ஆம்ப் டியூன் செய்த ஞாயிறு

தையல்காரர் காருக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கியதற்குக் காரணம் அவருடைய சகலைதான். ஒருமுறை சகலையின் காரில் நாலு தெரு போய்விட்டு வந்த மனைவி, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அக்கா வீட்டுக்காரர் கார்ல பாட்டு கேட்டா நெஞ்சுக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள். சொன்னவள் அதோடு மறந்துவிட்டாள். கேட்டவருக்குத்தான் தூக்கம் போனது.

கடையில் மாட்டித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார். முப்பது வருஷமாக ஊரார் உடம்பை அளந்தவருக்கு ஒரு டிக்கியை அளக்கத் தெரியாதா? இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, குடியிருப்பின் அடித்தளத்தில் இருந்த பார்க்கிங்கில் இரண்டு ஞாயிறு குனிந்தே கிடந்தார். பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயரைக் கார்ப்பெட்டுக்கு அடியில் இடப்பக்கமாகவும், பாட்டு வரும் ஒயரை வலப்பக்கமாகவும் கொண்டுபோனார். டிக்கியில் பேஸ் ஸ்பீக்கர் பெட்டி அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது.

மூன்றாவது ஞாயிறு டியூனிங். ஒரு வீடியோவில் வழி சொல்லியிருந்தார்கள். ஃபோனில் ஐம்பது ஹெர்ட்ஸ் டோனைப் போடவேண்டும். ஏற்ற இறக்கம் இல்லாமல் 'உம்ம்ம்' என்று ஒரே சத்தம் வரும். ஆம்ப்பின் முனையில் மீட்டரை வைத்து, ஆம்ப்பின் சத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகை மெல்லத் திருப்பி, இருபத்தெட்டு புள்ளி மூன்று வோல்ட் வந்ததும் நிறுத்தவேண்டும். நடுவில் விளம்பரம் வந்தபோது தையல்காரர் அதைத் தாண்டிப் போனார். கூடவே பத்து விநாடி வீடியோவையும் தாண்டிவிட்டது அவருக்குத் தெரியாது.

காலை ஒன்பது மணிக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின்சீட்டை மடக்கி டிக்கிப் பக்கம் தவழ்ந்துபோய் டோனைப் போட்டார். இருபத்தெட்டு புள்ளி ஒன்று வந்தது. ஒரு நூல் திருப்பினார். இருபத்தெட்டு புள்ளி ஆறு. திரும்பக் குறைத்தார். இருபத்தேழு புள்ளி ஒன்பது. வேறு யாராவதாக இருந்தால் போதும் என்று எழுந்திருப்பார்கள். இவர் கால் அங்குலம் தப்பினால் சட்டையையே பிரித்துத் தைப்பவர். முக்கால் மணி நேரம் அந்த 'உம்ம்ம்' நிற்கவே இல்லை.

மூன்றாம் மாடியில் அலமாரித் தட்டுகள் ஒன்றையொன்று உரசின. இரண்டாம் மாடியில் ஒருவர் தம்ளரில் போட்டு வைத்திருந்த பல்செட் தானாகக் கடகடவென்று பேச ஆரம்பித்தது. முதல் மாடியில் இருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் அம்மா சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தண்ணி மோட்டார்தான் போகப்போகுது" என்று முடிவு கட்டி மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் வந்து தண்ணீரை அடைத்துவிட்டு மோட்டாரைக் கழற்ற ஆரம்பித்தார்.

அந்தச் சமயம் பார்த்துத் தையல்காரரின் ஃபோன் டோனை நிறுத்திவிட்டு அடித்தது. பஞ்சை எடுத்துவிட்டு எடுத்தார். மனைவி.

"என்னங்க, தலைக்கு ஷாம்பு போட்டுட்டு நிக்கிறேன். குழாய்ல தண்ணி நின்னுபோச்சு. கீழ என்னன்னு பாருங்க."

மோட்டார் அறை பத்தடி தூரம்தான். போய்ப் பார்த்தார். அதற்குள் தரையில் செய்தித்தாள் விரித்து மோட்டாரின் உள்ளுறுப்புகளைப் பாகம் பாகமாகப் பரப்பியிருந்தார்கள்.

"காலையிலேர்ந்து ஒரே உறுமல்" என்றார் செயலாளர் அம்மா. "இப்ப பாருங்க, சத்தம் நின்னுருச்சு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் தையல்காரர். பொய் சொல்லவில்லை, அதுவரை காதில் பஞ்சு இருந்தது. "சீக்கிரம் மாட்டிடுங்க தம்பி. வீட்டுல கண்ணுல ஷாம்புவோட நிக்கிறாங்க."

கவலையோடு திரும்பி வந்து, பஞ்சை வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

மோட்டார் அறையில் 'உம்ம்ம்' என்று கேட்டது. மெக்கானிக் தன் கையில் இருந்த மோட்டார் விசிறியைப் பார்த்தார். செயலாளர் அம்மாவும் அதையேதான் பார்த்தார்.

"மேடம், இது நான் இல்ல" என்றார் மெக்கானிக்.

குழாயில் காதை வைத்தார், தூணில் வைத்தார், கடைசியில் நம்பர் பிளேட் ஆடிக்கொண்டிருந்த காருக்கு வந்து கண்ணாடியைத் தட்டினார். உள்ளே இருந்தவர் நிமிராமலே, எல்லாம் நன்றாகப் போகிறது என்பதுபோலக் கட்டைவிரலைக் காட்டினார். இன்னும் இரண்டு முறை தட்டியபிறகே கதவு திறந்தது.

"சார், டோன் போடும்போது ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டிடணும். அளவு மீட்டருக்குத் தெரிஞ்சா போதும், ஊருக்குத் தெரிய வேண்டாம்."

தையல்காரருக்கு முகம் செத்துப்போனது. செய்தித்தாள் மேல் கிடந்த மோட்டாரும், மேலே நுரையோடு நிற்கும் மனைவியும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தார்கள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் டிக்கிக்குள் பாதி நுழைந்துவிட்டார்.

"எர்த் ஒயரை எங்க குடுத்திருக்கீங்க?"

"இதோ, கார் பாடியிலதான்."

"பெயின்ட் மேலயே முடுக்கினா எப்படி சார்? தகரத்துல படவேண்டாமா? கொஞ்சம் வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க."

ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஸ்பீக்கர்களில் கொசு ஒன்று புறப்பட்டது. மிதிக்க மிதிக்க அதற்கும் குரல் ஏறியது. மெக்கானிக் அந்த இடத்துப் பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளவென்று தகரம் தெரியச் சுரண்டி, மறுபடி முடுக்கினார். கொசு காணாமல் போனது. பிறகு ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தார். "இருபத்தெட்டரை. போதும். ஒரு புள்ளி ரெண்டு புள்ளியெல்லாம் பாக்காதீங்க, இது கல்யாணக் கோட்டு இல்ல."

அதற்குள் காலி வாளிகளோடு எட்டுப் பேர் காரைச் சுற்றி நின்றார்கள். புகாரை ஒழுங்காக எழுதவேண்டும் என்றால் தானே கேட்டுப் பார்க்கவேண்டும் என்று செயலாளர் அம்மா முன்சீட்டில் ஏறினார். ஒயரை மாட்டிப் பாட்டு போட்டார்கள். ஒரு பாட்டு முழுதும் இறங்கவில்லை. இரண்டாவதை அவரே தேர்ந்தெடுத்தார்.

"என் தலைக்கு ஒரு வழி சொல்லிட்டுப் பாட்டு கேளுங்க" என்று ஒரு குரல் வந்தது. படிக்கட்டில் தையல்காரரின் மனைவி, நுரைமேல் துண்டு சுற்றி, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு நின்றிருந்தாள்.

மெக்கானிக் மோட்டாருக்கு ஓடினார். தையல்காரர் எட்டு வாளிகளையும் வாங்கிக்கொண்டார். தெருக்குழாயில் திரும்பத் திரும்பப் பிடித்து, வீடு வீடாகச் சுமந்து ஏற்றினார். முதல் வாளி எங்கே போனது என்று சொல்லவேண்டியதில்லை. பத்தொன்பதாவது வாளியில் இடுப்பு பிடித்துக்கொண்டபோது, மோட்டார் ஓடத் தொடங்கியது.

சாயங்காலம் இடுப்பில் தைலத்தைத் தடவிக்கொண்டு மனைவியைக் காரில் ஏற்றினார். அவளுக்குப் பிடித்த பழைய மெல்லிசையைப் போட்டார். பேஸ் சத்தம் சீட்டுக்கு அடியிலிருந்து பதமாக எழுந்து முதுகைத் தடவியது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று சிக்னலுக்குச் சிக்னல் ஓரக்கண்ணால் பார்த்தார். இரண்டாம் பாட்டின் சரணம் வருவதற்குள் அவள் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்துகொண்டது.

இது பாராட்டா, இல்லையா என்று தையல்காரருக்கு விளங்கவில்லை. எழுப்பிக் கேட்கவும் மனசு வரவில்லை. பாட்டை நிறுத்தினால் விழித்துக்கொள்வாளோ என்று பயந்து, அதே நாலு தெருவை ஏழு முறை சுற்றினார்.