அறுபத்து நான்கு கண்ணி

“எத்தனை வாரம் சார்?” என்று நர்ஸ் கேட்டபோது, “அறுபத்தி நாலு” என்றான் அவன்.

நர்ஸ் படிவத்திலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தாள். உங்கள் மனைவி யானையா என்று கேட்காததுதான் குறை. அதற்குப் பிறகுதான் அவன் மடியில் கிடந்த நான்கு பின்னல் ஊசிகளும் கிளிப்பச்சை நூல் உருண்டையும் அவள் கண்ணில் பட்டன.

“ஐயோ, இல்ல சிஸ்டர். இது கண்ணிக் கணக்கு. வாரம் இருபத்தொம்போது” என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பின்னுகிறவன் எண்ணிக்கொண்டிருக்கும்போது எதைக் கேட்டாலும் இப்படித்தான் ஆகும். ஒரு தடவை வங்கி வரிசையில் வயதைக் கேட்டதற்கு நூற்றிருபது என்று அவன் சொல்ல, பின்னால் நின்ற அம்மாள் வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறாள். ஆனால் இப்போது அவன் பின்னவே இல்லை. ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, ஊசியில் ஏற்கெனவே இருந்த கண்ணிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணுவதை நிறுத்தினால் வேறு எதையாவது நினைக்க வேண்டியிருக்கும்.

அவன் கட்டடவேலை கிரேன் ஓட்டுபவன். அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கீழே ஆட்கள் இரும்பைக் கட்டிக் கொக்கியில் மாட்டும்வரை அங்கே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சிகரெட்டை விட்ட வருஷம் கை பரபரத்தது, ஊசியை எடுத்தான். சுமை ஏறிவிட்டால் பின்னல் பைக்குள் போய்விடும், இறங்கியதும் வெளியே வரும். தளத்தில் அவனுக்கு ‘ஊசி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. எல்லாரையும்விட அதிகமாகக் கேலி செய்த மேஸ்திரிதான் குளிர் தொடங்கியதும் தன் கால் அளவைச் சத்தமில்லாமல் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அவன் பின்னிய முதல் சாக்ஸைப் பார்த்து, “இது காலுக்கா, குடைக்கா?” என்று கேட்டவள் மனைவி. அவள் கேட்டதில் தப்பில்லை. குதிகாலே இல்லாமல் நேராக இறங்கியிருந்தது. சாக்ஸில் மற்றதெல்லாம் பொறுமை இருந்தால் வந்துவிடும். குதிகால்தான் ஆளைப் பார்க்கும். குழாய் மாதிரி இறங்கி வருகிற பின்னலைப் பாதியில் நிறுத்தி, முன்னும் பின்னுமாகப் போய், கண்ணிகளைக் குறைத்துக் கூட்டித் திருப்ப வேண்டும். ஒரு கண்ணி பிசகினாலும் ஓட்டை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒவ்வொரு குதிகாலையும் இரண்டு தடவையாவது அவன் அவிழ்த்திருக்கிறான்.

அவள் உண்டானதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஏழு ஜோடிச் சின்ன சாக்ஸ். அவள் ஒரு ஜோடியை இரண்டு விரல்களில் மாட்டிச் சாப்பாட்டு மேசைமேல் நடக்கவிட்டாள். “இவ்ளோ சின்னக் கால் நெஜமா இருக்குமாங்க?” என்றாள். பிறகு அவளுடைய பாதங்களே வீங்கி எந்த சாக்ஸுக்குள்ளும் நுழைய மறுத்தன. அவளுக்கென்று பருத்தி நூலில், தொளதொளவென்று ஒரு ஜோடி தொடங்கினான். ஒன்று முடிந்தது. இரண்டாவது இன்று காலை கூண்டில் குதிகால்வரை வந்தபோது, “ஊசி, எறங்கு. வீட்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க” என்றது வாக்கிடாக்கி. அந்த ஏணியில் எப்படி இறங்கினான் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் வந்து சேர்வதற்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது.

“கையைக் கழுவிட்டு வாங்க. பாக்கலாம்” என்றாள் நர்ஸ்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மகள் இருந்தாள். ஒரு கிலோ நூறு கிராம். எட்டு டன் உத்தரத்தை ஒரு சாண்கூடத் தப்பாமல் இறக்குகிறவனுக்கு, பெட்டியின் ஓரத்தைத் தொடவே கை எழவில்லை. பயம்தான் முதலில் வந்தது. பிறகு அவன் அவளுடைய காலைப் பார்த்தான்.

அவனுடைய கட்டைவிரல் நீளம்தான் இருக்கும் அந்தப் பாதம். அதில் ஐந்து விரல்கள். ஒவ்வொன்றிலும் நகம், கடுகைவிடச் சின்னதாக, ஆனால் நகம். உள்ளங்காலில் ரேகைகள். கணுக்காலிலிருந்து இறங்கி, பின்னால் வளைந்து, உருண்டு, எங்கும் ஒரு பிசிறில்லாமல் குதிகால் திரும்பியிருந்தது. யார் எண்ணியது இதை? அவனும் மனைவியும் தூங்கியபோதும், பேருந்துக்கு ஓடியபோதும், ஒன்றுமில்லாததற்குச் சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோதும், ஒரு கண்ணி விடாமல் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறவள் அவள். அவளுக்குள்ளே. அவனுக்கு அழுகை வந்தது, அழுதான்.

“சூடு நிக்க மாட்டேங்குது” என்றாள் நர்ஸ், திரையில் முப்பத்தைந்து புள்ளி எட்டு என்ற எண்ணைக் காட்டி. “இந்தப் பிள்ளைங்களுக்கு தலை வழியாத்தான் சூடு போகும். எங்க குல்லா எல்லாம் பெருசு, கண்ணு வரைக்கும் எறங்கிடுது. இன்னைக்கு ராத்திரிக்குள்ள சூடு நின்னுட்டா பாதி தாண்டின மாதிரி.” அவள் பார்வை கதவுக்கு வெளியே நாற்காலியில் கிடந்த பச்சையில் நின்றது. “அது என்ன நூலு சார்?”

“பருத்தி. சம்சாரத்துக்கு சாக்ஸ்.”

“எடுத்துட்டு வாங்க.”

அவள் அந்தக் குழாயை விரலால் இழுத்து விரித்துப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. குதிகால் தொடங்க வேண்டிய இடத்தில் நூலை அறுத்து, தையல் ஊசியில் கோத்து, கண்ணி கண்ணியாக அந்த நூலுக்கு மாற்றினான். வாய்விட்டே எண்ணினான். நடுவில் நர்ஸ் எதுவும் கேட்கவில்லை. அறுபத்து நான்கு வந்ததும் நூலைச் சுண்டி இழுத்தான், குழாயின் வாய் மூடிக்கொண்டது. நர்ஸ் அதைக் கொதிநீராவியில் வைத்துச் சுத்தம் செய்து உலர்த்திக் கொண்டுவர ஒரு மணி நேரமாயிற்று. மகளின் தலையில் அது அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது.

மனைவி இரண்டு மாடி கீழே, வயிற்றுத் தையலோடு படுத்திருந்தாள். அவன் உள்ளே நுழைந்ததும் அவள் மகளா மகனா என்றுகூடக் கேட்கவில்லை. அதை டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

“எல்லாம் சரியா இருக்குதாங்க?”

“குதிகால் திரும்பியிருக்கு” என்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரே தடவையிலயா?”

“ஒரே தடவையில.”

சாயங்காலம் அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். “கால் குளுருது” என்றாள். பையில் முடிந்த ஒரு சாக்ஸ்தான் இருந்தது. வலது காலில் மாட்டிவிட்டான். இன்னொன்று எங்கே என்று அவள் கேட்டதற்கு, “மேல இருக்கு” என்று மட்டும் சொன்னான்.

பெட்டியின் பக்கத்தில் நாற்காலி நின்றது. திரையில் முப்பத்தாறு புள்ளி ஒன்று. அவள் திரையைப் பார்க்கவில்லை. மகளின் தலையிலிருந்த கிளிப்பச்சையைப் பார்த்தாள். குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். மறுபடியும் மகளைப் பார்த்தாள். நர்ஸ் பக்கவாட்டுத் துவாரத்தைத் திறந்துவிட, மெதுவாகக் கையை நீட்டினாள். மகள் காலை ஒருமுறை உதைத்து மடக்கினாள். அந்தக் குதிகால் அம்மாவின் சுட்டுவிரல் நுனியில் வந்து உட்கார்ந்தது.