காலியாக விட்டிருக்க வேண்டிய கட்டம்

நான்கு மணிக்கு மாலதியை விளக்கம் கேட்டு வீடியோ மீட்டிங்கில் கூப்பிட்டிருந்தார்கள். மூன்றரையிலிருந்தே நான் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். தப்பு செய்தது நான், மாட்டிக்கொண்டவள் அவள்.

ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் சொல் வரலாற்று அகராதிக்கு இருவரும் வேலை செய்கிறோம். நான் மாட்டுங்கா வீட்டிலிருந்தே சொற்களைப் பதிவேன். செம்பூரில் மாலதி சரிபார்த்து ஒப்புதல் தருவாள். ஆங்கிலம், ஜெர்மன் எல்லாவற்றுக்கும் தாயான ஜெர்மானிய மூலமொழியில் எழுதி வைத்தது கிட்டத்தட்ட எதுவுமில்லை. பின்னால் வந்த மொழிகளை வைத்து அதன் சொற்களை ஊகிக்கிறார்கள். தாய்ச்சொல்லை ஊகிக்கலாம். அதிலிருந்து பிறந்த பிள்ளைச் சொற்களை ஊகிக்கக் கூடாது. அவை ஏதாவது பழைய ஏட்டில் இருந்தாக வேண்டும். முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது.

நீந்துவதற்கு மூலச்சொல் 'ஸ்விம்மனன்'. ஆங்கிலத்தில் ஸ்விம், ஜெர்மனில் ஷ்விம்மென், டச்சில் ஸ்வெம்மென் என்று பிள்ளைகள் வரிசையாக நின்றன. என்றோ அழிந்துபோன கோதிக் மொழியின் கட்டம் மட்டும் காலி. அது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நானே ஒன்றை எழுதி நிரப்பினேன். பெரிய மேதாவி! நான் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று மாலதி பார்க்காமலே ஒப்புதல் தந்துவிட்டாள்.

இப்போது யாரோ அதை நம்பி ஒரு முழு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். எந்த ஏடு, எந்தப் பக்கம் என்று அகராதியை நடத்தும் பேராசிரியை கேட்கிறார்.

சொன்னால் என் வேலை போகும். இந்தத் துறையில் வேறு யாரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் மாலதியின் வேலை போகும். அவளுடையதே போகட்டும் என்றுகூட ஐந்து நிமிடம் நினைத்தேன். மூன்று முறை அவள் எண்ணை எடுத்தேன், மூன்று முறையும் போனைக் கீழே வைத்தேன். நாலு பத்துக்குத்தான் துணிச்சல் வந்தது. மீட்டிங்கின் நடுவிலேயே எடுத்தாள்.

"மாலதி, அது எந்த ஏட்டிலயும் இல்லடி. நானா எழுதினேன்."

"தெரியும். நேத்தே தேடிப் பாத்துட்டேன்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன்னை மாட்டிவிட மனசு வரலை. ஏதோ ஒரு புஸ்தகத்து பேரையும் வாய்க்கு வந்த பக்கத்தையும் சொல்லிட்டேன்டி. ப்ரொஃபஸர் அந்தப் புஸ்தகத்தை எடுத்துண்டு வரப் போயிருக்கா."

போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து அதே மீட்டிங்கில் நானும் சேர்ந்தேன். பேராசிரியை புத்தகத்தோடு திரும்பி வந்தபோது திரையில் நாங்கள் இருவரும் இருந்தோம்.