குழாயில் போட்ட கோடு

அழகிரி முதலில் சந்தேகப்பட்டானா, முதலில் கோடு போட்டானா என்பது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. ஆட்கள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார்கள். நானும் இரண்டு விதமாகச் சொல்லியிருப்பேன். வண்டி கறுப்பா, கரும்பச்சையா என்பதிலும் தடுமாற்றம் உண்டு. அது பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் என்பதும், ரயில்வேயில் இருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பந்தய வண்டி என்பதும், ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடியில் அதன் முன் ஃபோர்க் செத்துக் கிடந்தது என்பதும் உறுதி.

ஸ்ரீரங்கத்திலிருந்து காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டிக்கு அழகிரி அதில்தான் போவான். காவிரிப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் இரும்போடு இரும்பு மோதும். அந்த அடி மணிக்கட்டில் ஏறித் தோளில் போய் உட்காரும். முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களுக்குள்ளும் ஸ்பிரிங் தளர்ந்து, குழாய் ஆடாமல் பிடிக்கும் புஷ் தேய்ந்து, எண்ணெய் வற்றிப் போயிருந்தது.

தென்னூரில் மெக்கானிக் அப்துல் சலாமிடம் விட்டான். இருவரும் ஒரே பெஞ்சில் படித்து, ஒரே வருஷம் படிப்பை விட்டவர்கள். ஆவணி பிறந்ததும் காட்டூரில் கூட்டாக ஒரு ஒர்க்‌ஷாப் போடுவதாகப் பேசி முடித்திருந்தார்கள். தஞ்சாவூர் ரோட்டை ஒட்டி இருந்தது அழகிரியின் நிலம், தொழில் சலாமுடையது. மாமனாரின் ஷெட்டைவிட்டு வெளியே வர சலாமுக்கு அது ஒன்றுதான் வழி. அண்ணன்களுக்குக் கீழே மண்டியில் நிற்காமலிருக்க அழகிரிக்கும் அது ஒன்றுதான் வழி.

சலாம் புது ஸ்பிரிங் சுற்றவைத்து, லேத்தில் புஷ் கடைந்து, கொழும்பிலிருந்து மச்சினன் அனுப்பிய, எண்ணெய் கசியாமல் குழாயைக் கவ்வும் ரப்பர் ஆயில் சீல்களைப் போட்டு ஃபோர்க்கைப் பூட்டியிருந்தான். அழகிரி ஹேண்டிலைப் பிடித்து அமுக்கினான். வண்டி தாழ்ந்து, மூச்சு விடுவதுபோல மெதுவாக மேலே வந்தது.

"எடுத்துட்டுப் போகவா மச்சான்?"

"பறக்காதே மாப்ளே. ரெண்டு நாள் நிக்கட்டும். எண்ணெய் ஒழுகுதான்னு பாக்கணும்."

பக்கத்தில் அதே மாடல் வண்டி ஒன்று முன்பக்கம் பிரிக்கப்பட்டு, மூக்கறுந்தது மாதிரி நின்றது. அழகிரி அதைப் பார்த்தான். அப்போது அது வெறும் வண்டியாகத்தான் தெரிந்தது.

டீக்கடையில் பிச்சைமுத்து இருந்தான், முசிறி பஸ் கண்டக்டர்.

"என்னண்ணே, ராஜா நடந்து வர்றாரு?"

"வண்டி சலாம்கிட்ட நிக்குதுடா."

"பேஷ். சீமைச் சரக்கா உள்ள போகும், உள்ளூர்ச் சரக்கா வெளிய வரும்."

"என்னடா சொல்றே?"

"பக்கத்துல இன்னொண்ணு நிக்குதே, கன்டோன்மென்ட் வக்கீல் மகனோடது. ரெண்டும் ஒரே அச்சு. எந்தக் குழாய் எதுக்குப் போவுதுன்னு யாருண்ணே கண்டா? பாயைச் சொல்லல, பொதுவா சொன்னேன். டீக்கு நீங்கதானே குடுக்குறீங்க?"

அழகிரி சிரித்தான். பாலத்தில் நடந்து வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு எங்கோ ஆற்றில் விழுந்துவிட்டது. ரெண்டு நாள் எதற்கு? ஒழுகுவதானால் ஒரு மணி நேரத்தில் தெரியாதா? பறக்காதே என்றானே, ஏன்?

மறுநாள் அவன் போனபோது சலாம் லேத்துக்காரனிடம் போயிருந்தான். சலாமின் மனைவி வஹீதா ஷெட்டிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கனமான பொட்டலம், இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"வாங்கண்ணே. இப்ப வந்துடுவாரு."

"என்னம்மா அது?"

"இரும்புண்ணே" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஷெட்டில் வேறு யாரும் இல்லை. அவன் வெகுநேரம் நின்றான். பிறகு மேஜை மேலிருந்த முக்கோண அரத்தை எடுத்தான். ஃபோர்க்கின் ரப்பர் உறையை மேலே தள்ளி, பளபளக்கும் குழாயில் குறுக்காக ஒரு சின்னக் கோடு போட்டான். மறுபக்கமும் அதே உயரத்தில் ஒன்று. உறையை இழுத்து மூடினான். இனி மாற்றினால் மாட்டிக்கொள்வான். மனம் லேசாகும் என்று நினைத்தான், ஆகவில்லை.

வண்டி கைக்கு வந்த அன்று பாலத்தின் மேல் படகு போலப் போயிற்று. அழகிரிக்குத் தன்மேல் வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை பார்த்தால் இரண்டு குழாய்களின் அடியிலும் எண்ணெய் வழிந்து, முன் சக்கரத்தைச் சுற்றித் தரையெல்லாம் கறை. வெட்கம் போன இடம் தெரியவில்லை. கொழும்புச் சீலாவது, ஒழுகுவதாவது. உறையைத் தூக்கிப் பார்க்க அவன் கை போகவில்லை. சலாமுக்கு எதிரிலேயே தூக்க வேண்டும் என்று இருந்தது.

தென்னூரில் லேத்துக்காரன், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே கேட்டான்.

"என் குழாய் எங்கே சலாம்?"

மச்சான் என்று சொல்லாமல் பெயரைச் சொன்னதிலேயே சலாமின் முகம் மாறிவிட்டது.

"என்ன கேக்குறே?"

"வக்கீல் மகன் வண்டியில இருக்கா? பொட்டலம் கட்டி வீட்டுக்குப் போச்சா? காட்டூர்ப் பேச்சு இத்தோட முடிஞ்சுது."

சலாம் வண்டியைக் கட்டையில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, ரப்பர் உறையை மேலே தள்ளினான். அழகிரி குனிந்தான். கோடு இருந்தது. மறுபக்கமும் இருந்தது. அவன் போட்டது போட்டபடியே, அதே இடத்தில். ஒரு கணம் சந்தோஷத்தில் சலாமின் தோளைத் தொடக் கையைத் தூக்கிவிட்டான்.

அப்போதுதான் கோட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்புத் துணுக்குகளைக் கண்டான். சீலிலிருந்து கிழிந்த ரப்பர். வண்டி குலுங்கும்போதெல்லாம் குழாய் சீலுக்குள் இறங்கி ஏறியிருக்கிறது. அரம் விட்ட பிசிறு ஒவ்வொரு தடவையும் அதைக் கிழித்திருக்கிறது.

சலாம் நகத்தால் அந்தக் கோட்டைத் தடவினான். மறுபக்கத்துக் கோட்டையும் தடவினான். இரண்டும் ஒரே உயரம். கல் பட்டு வருகிற கோடு அல்ல. யார் போட்டது என்று அவன் கேட்கவில்லை. லேத்துக்காரன் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பற்றவைக்க மறந்து நின்றான்.

"வஹீதா, அந்தப் பொட்டலத்தை எடுத்துட்டு வா."

அவள் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே அழகிரியின் பழைய ஸ்பிரிங், தேய்ந்த புஷ், காய்ந்த சீல், எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து இருந்தன.

"வர்றவங்க எல்லாருக்கும் பழசைக் கையில குடுத்துத்தான் அனுப்புவேன். மாத்திட்டான்னு நாளைக்குப் பேசக் கூடாதுல்ல" என்றான் சலாம். "உனக்கு எதுக்குன்னு உள்ள வைக்கச் சொன்னேன்."

"மச்சான்…"

"எடுத்துக்க. சரியா இருக்கான்னு பாத்துக்க."

அன்றே சலாம் எண்ணெய்க் கல்லால் இரண்டு கோடுகளையும் விரலுக்குத் தட்டாத அளவு தேய்த்தான். வக்கீல் மகனுக்கென்று வைத்திருந்த சீல்களை எடுத்துப் போட்டான். எண்ணெய் ஊற்றி, அமுக்கிப் பார்த்து, வண்டியை ஷெட்டுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினான். அழகிரி கடைசிவரை நின்றுகொண்டே இருந்தான்.

ஆவணி பிறந்தது. பத்திரம் எழுத சலாம் வரவில்லை. வா என்று போய்க் கூப்பிட அழகிரிக்கு வாய் வரவில்லை. காட்டூர் நிலத்தில் வாழைத்தார் பழுக்கவைக்கும் கொட்டகை வந்தது. அழகிரி அண்ணன்களோடு மண்டியிலேயே இருந்துவிட்டான். வண்டியை அறுபத்திரண்டில் ஈரோட்டுக்காரர் ஒருவருக்குக் கொடுத்தான். அதுவரை ஃபோர்க் ஒழுகவில்லை. வக்கீல் மகன் வேறு சீல் வரும்வரை காத்திருந்து, வண்டியோடு பெங்களூர் போனான். சலாமும் வஹீதாவும் தென்னூரிலேயே, அதே ஷெட்டுக்குப் பின்னால் இருந்தார்கள். பிச்சைமுத்து செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆனான். அந்த டீக்கடைப் பேச்சு அவனுக்கு ஞாபகமே இல்லை.